விசா நண்டு

விசா நண்டு என்று ஒரு நண்டு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாராவது பாதி படித்துவிட்டு எழுந்துபோய் எங்கேயாவது எழுதிவைத்துவிட்டால், அந்தப் பாவமும் என் தலையில்தான் விழும்.

நண்டு இருக்கிறது. பேர்தான் கிடையாது. பரங்கிப்பேட்டையில் வலையை உதறும்போது கழிசலோடு கழிசலாக வந்து விழும். உள்ளங்கையில் பாதி அளவு. பின்னங்கால்கள் சிறுத்து முதுகுப் பக்கம் மடங்கியிருக்கும். அந்தக் கால்களால் ஒரு கிளிஞ்சல் ஓட்டை முதுகுமேல் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடக்கும். ஓட்டைப் பிடுங்கினால் அடுத்த ஓட்டைத் தேடும். சதை இல்லாததால் யாரும் தின்பதில்லை. விற்கவும் விற்காது. அப்படிப்பட்டதற்கு யார் பேர் வைப்பார்கள்?

நான் எட்டாவது வரை படித்தவன். ஒன்பதாவதுக்கு ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். பூர்த்தி செய்து கொடுத்துவிட்டு வந்த பிறகு, எதையோ தப்பாக எழுதிவிட்டோமோ என்று பயம் வந்துவிட்டது. அடுத்த நாள் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. அப்படியே நின்றுபோயிற்று. கேட்பவர்களிடம் வீட்டில் கஷ்டம் என்று சொல்லிக்கொள்வேன். கஷ்டமும் இருந்தது, அது பொய் இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு நண்டு ஷெட்டில் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தேன். காலையில் படகுகள் வந்ததும் பெரிய நண்டு ஒரு கூடை, சின்னது ஒரு கூடை, மீதிக் கழிசல் கோழித் தீவனத்துக்கு என்று ஒரு குவியல். அந்தக் குவியலைத் தேடித்தான் அந்தப் பெண் வந்தார். கடல் உயிரிகளைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்பு. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கிற குடும்பம். சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்கி, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார். முதல் நாள் வெள்ளை கேன்வாஸ் ஷூவோடு வந்து, அது நாறிப்போய், மறுநாளிலிருந்து ரப்பர் செருப்பு.

ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, "இதுக்கு என்னா பேரு பாய்?" என்று கேட்பார். நான் சொன்னால் அதை எழுதிக்கொள்வார்.

இதைப் படிக்கிற உங்களுக்கு அது ஒரு விஷயமாகத் தெரியாது. என்னிடம் ஒருவர் கேள்வி கேட்டு, நான் சொன்ன பதிலை நோட்டில் ஏற்றியது அதுதான் முதல் தடவை. அதற்காகவே ஒரு நீல வாளி தனியாக வைத்தேன். விநோதமாக எது கிடைத்தாலும் அதில் போட்டு, மேலே ஈரச் சாக்கு மூடி வைப்பேன். அவர் கையுறை போட்டு ஃபார்மலினில் வேலை பார்ப்பதால், பேர்களை நோட்டில் எழுதுகிற வேலையும் எனக்கே வந்தது. 'நண்டு' என்பதை நான் எல்லாப் பக்கத்திலும் 'நன்டு' என்றுதான் எழுதியிருக்கிறேன். அவர் ஒரு நாளும் திருத்தவில்லை.

மூன்றாவது ஆள் என் மச்சான். என் மனைவியின் தம்பி. சவூதி விசாவுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அது வரும் வரை என்னோடு ஷெட்டில் இருந்தான். ஏஜென்ட் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லியே ஒன்றரை வருஷம் ஓடியது. திடீரென்று கூப்பிட்டால் கிளம்ப வேண்டுமே என்று ஒரு பையைக் கட்டி எங்கே போனாலும் கூடவே தூக்கிக்கொண்டு வருவான். ஷெட்டில் ஆணியில் மாட்டுவான். சாயங்காலம் எடுத்துக்கொண்டு போவான். ஊரில் எல்லாரும் கிண்டல் செய்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அக்காவிடம் மட்டும் ஒரு தடவை அழுதிருக்கிறான், அதை அவள் சொல்லித்தான் தெரியும்.

ஒரு காலையில் அந்த ஓடு தூக்கி நடக்கிற ஜந்துவை அவன்தான் கையில் எடுத்தான்.

"இங்க பாருங்க மச்சான். இதுவும் மூட்டையத் தூக்கிட்டே நிக்கிது. இதுக்கும் விசா வரல போலருக்கு."

அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்குள் அது விசா நண்டு. கழிசலில் ஒன்று கிடைத்தால் "உன் ஆளு வந்திருக்கு" என்று அவன் பக்கம் தள்ளுவேன்.

அடுத்த வாரமோ என்னவோ, அந்தப் பெண் வாளியிலிருந்து அதையே எடுத்துக் காட்டி பேர் கேட்டார். பேர் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அத்தனை நாள் எல்லாவற்றுக்கும் பேர் சொல்லிவிட்டு, இதற்கு மட்டும் தெரியாது என்றால் இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துவிடுவாரோ என்று ஒரு பதைப்பு. விசா நண்டு என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு நில்லாமல் நோட்டிலும் என் கையாலேயே எழுதினேன். மச்சான் துண்டை வாயில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே ஓடினான்.

அன்று சாயங்காலமே, நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டோம். மறுநாள் விசா வந்துவிட்டது.

பிறகு எங்கே? மெடிக்கல், டிக்கெட், மெட்ராஸ் ஏர்போர்ட், அழுகை. அந்தப் பெண்ணும் தன் கணக்குக்குக் கழிசலை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். ஒரு வருஷம் கழித்து இனிப்பும் கையுமாக வந்து அச்சான தாளைக் கொடுத்தார். இங்கிலீஷ் தாள். ஒரு பெரிய கட்டம்; அதில் உயிரிகளின் விஞ்ஞானப் பேர், பக்கத்தில் நம்ம ஊர்ப் பேர். கடைசியில் நன்றி என்று என் பேர். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்த நண்டுக்கு நேராக எங்கள் பேர் நின்றது. பேர்களிலேயே அதுதான் அழகான பேர் என்று வேறு சொன்னார். அதற்கு மேல் எப்படிச் சொல்வது?

படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். நமக்கு முன்னாடி அது எல்லா நாட்டுக்கும் போய்விட்டது என்று சிரித்து அனுப்பியிருந்தான். அப்போதெல்லாம் தினம் பேசுவோம். பிறகு வாரம் ஒரு தடவை, பிறகு நோம்புக்கும் பெருநாளுக்கும். சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. அவன் டூட்டி நேரம் வேறு, என் நேரம் வேறு. இரண்டு தடவை ஊர் வந்தான். வந்த இரண்டு தடவையும் வீடு முழுக்க ஆட்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு கூடைக்கு முன்னால் உட்காரவே இல்லை.

போன வருஷம் அந்தப் பெண் போன் செய்தார். இப்போது டீச்சர். கடலூரில் ஒரு கல்லூரியில் தற்காலிக வேலை, செம்மண்டலத்தில் வீடு. சிதம்பரம் வருகிறேன், வர முடியுமா பாய் என்றார். குரல் சரியில்லை. பஸ் ஏறியதிலிருந்து என்னென்னவோ நினைத்துக்கொண்டே போனேன். ஆனால் நண்டு மட்டும் ஞாபகம் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். இப்போது ஏஐ கட்டுரை எழுதுகிறது என்றார். ஏஐ எனக்குத் தெரியும். என் போட்டோவைப் போட்டு என்னை போலீஸ் உடுப்பில் நிறுத்தி யாரோ அனுப்பியிருந்தார்கள். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் என்று தெரியாது. கடலைப் பார்க்காமலே கடலைப் பற்றி எழுதுமா என்று கேட்டேன்.

"கடலப் பாக்காதவங்க எழுதச் சொன்னா எழுதிக் குடுக்கும் பாய். கேக்குற ஆளுக்கு வேண்டியது ஒரு கட்டுரை. அது கடல்லேருந்து வந்தா என்னா, எங்கேருந்து வந்தா என்னா."

அப்படி வந்த கட்டுரைகளைத் தேடி எடுத்து வைத்திருந்தார். எல்லாவற்றிலும் விசா நண்டு. ஒன்றைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். விசா என்பது விஷம் என்ற சொல்லிலிருந்து வந்ததாம். இந்தக் கரையோர மீனவர்கள் அதை விஷ நண்டாகக் கருதி வலையிலிருந்து மரியாதையோடு விடுவிக்கிறார்களாம். சுட்டுச் சாம்பலாக்கி, மூச்சு இரைக்கிற குழந்தைகளுக்குத் தேனில் குழைத்துக் கொடுக்கிறார்களாம்.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு அவர் கஷ்டம். அவர் முதலில் எழுதிய கட்டுரை ஒரு சின்னப் பத்திரிகையில் வந்தது. அந்தப் பத்திரிகை நின்று, அதன் இணையப் பக்கமும் போய்விட்டது. மூலம் போய், அதைப் பார்த்து எழுதியவை மட்டும் மிச்சம். இப்போது பல வருஷம் உழைத்து ஒரு பெரிய கட்டுரையை நல்ல பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே படித்துப் பார்த்தவர்கள், இந்த நண்டின் பேர் எந்திரம் எழுதிய கட்டுரைகளில் மட்டும்தான் வருகிறது, உங்கள் கட்டுரையும் அப்படிப்பட்டதுதானா என்று கேட்டுவிட்டார்கள். அவரே எழுதின பழைய தாளைக் காட்டினால் போதாது, ஊர்க்காரர் யாராவது சொல்ல வேண்டும். பதில் சொல்லாவிட்டால் கட்டுரை போச்சு. நிரந்தர வேலைக்கு நேர்முகம் வருகிறது, அதற்கு இந்தக் கட்டுரைதான் பிடிமானம். அதைவிட, பொய் எழுதினவள் என்று ஒரு பேர் வந்துவிட்டால் அது போகாது.

ஒரு தாளை நீட்டினார். தமிழில் டைப் அடித்திருந்தார். இந்த நண்டை எங்கள் பகுதியில் தலைமுறை தலைமுறையாக விசா நண்டு என்றே அழைத்து வருகிறோம் என்று இருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம்.

"ஊர்ல நீங்க சொன்னா போதும் பாய். நீங்கதான் எனக்கு எல்லாப் பேரையும் சொன்னீங்க."

கண்ணாடி கொண்டுவரவில்லை, வீட்டில் நிதானமாகப் படித்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது.

அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கையெழுத்துப் போட்டால் பொய். போடாவிட்டால் அந்தப் பெண்ணின் பிழைப்பு. உண்மையைச் சொன்னால் பழைய கட்டுரையும் சேர்ந்து கெட்டுப்போகும். இதெல்லாம் ஒரு பக்கம். எங்கோ ஒரு வீட்டில் மூச்சு இரைக்கிற பிள்ளைக்கு யாரோ நண்டு சுடுகிறார்கள் என்று ஒரு காட்சி வந்துகொண்டே இருந்தது. மனைவி ஒரு வாரம் பார்த்துவிட்டு, நீங்களாக எதையாவது நினைத்துக்கொள்வதுதானே வழக்கம் என்றாள். இந்தத் தடவை நானாக நினைத்தது இல்லை, கட்டுரையில் வந்திருக்கிறது என்றேன்.

மச்சானுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவனே கூப்பிட்டான். எல்லாம் சொன்னேன்.

"கையெழுத்தப் போட்டுடுங்க மச்சான். நாமளும் ஊரு ஆளுங்கதானே."

"தலைமுறை தலைமுறையான்னு போட்டிருக்காங்கடா."

"ஆமா, எனக்குத் தல முழுக்க நரைச்சிடுச்சு. போடுங்க."

சிரித்தேன். எத்தனை நாள் ஆயிற்று அவனோடு சேர்ந்து சிரித்து. அப்புறம் அவன் கேட்டான், அது இன்னும் வருகிறதா என்று. வருகிறது என்றேன். ஓட்டோடுதானா என்றான். ஓட்டோடுதான் என்றேன். பிறகு, "போடாதீங்க மச்சான். அந்த டீச்சரு நம்மள நம்பி எழுதினாங்க" என்றான். தேவையென்றால் தானும் பேசுவதாகச் சொன்னான்.

மறுநாள் புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாகக் கடலூர் போனேன். செம்மண்டலத்தில் அவர் வீட்டு மாடியில் நாற்காலி போட்டார். உட்காராமலே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தெரியும். மூட்டை, விசா, துண்டை வாயில் வைத்துக்கொண்டு ஓடினது, மறுநாள் சொல்ல இருந்தது, எல்லாம்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளிறிப்போயிற்று.

"அப்ப மத்த பேருங்க?"

அதை நான் யோசிக்கவே இல்லை. மற்றதெல்லாம் சத்தியமாக உண்மை என்றேன். அவர் உள்ளே போய் அந்தப் பழைய நோட்டைக் கொண்டுவந்தார். உப்பு பூத்து, பக்கங்கள் உப்பி, என் கையெழுத்து. முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பேராகக் கேட்டார். இதை யார் சொல்வார்கள், உங்கள் ஷெட்டில் மட்டுமா, ஊரிலுமா, கிள்ளையில் என்ன சொல்வார்கள், உங்களுக்கு யார் சொன்னது? நான் சொல்லச் சொல்ல பென்சிலால் டிக் அடித்தார். மதியம் லுஹர் தொழுகை நேரமும் போய்விட்டது.

அதே கேள்விதான், இதுக்கு என்னா பேரு பாய். அதே ஆள், அதே நோட்டு. இத்தனை வருஷம் அதை யாராவது இன்னொரு தடவை கேட்க மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன், இப்போது சொன்னால் என்ன. கேட்டார்கள். ஆனால் அப்போது என் முகத்தைப் பார்த்துக் கேட்டவர், இப்போது நோட்டைப் பார்த்துக் கேட்டார்.

கடைசிப் பக்கம் வந்ததும் பென்சிலை வைத்தார். உள்ளதை உள்ளபடி பத்திரிகைக்கு எழுதிவிடுவதாகச் சொன்னார். நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புவாராம். இப்படித் தப்புத் தப்பாக எழுதின நோட்டை எந்த எந்திரமும் செய்யாது என்றார். அப்போதுதான் லேசாகச் சிரித்தார். மச்சானிடமும் ஒரு குரல் செய்தி வாங்கி, மொழிபெயர்த்துச் சேர்ப்பார். அதற்கு முன்னால், அந்த நண்டுக்கு உண்மையிலேயே யாராவது ஏதாவது பேர் சொல்கிறார்களா என்று கேட்டுவரச் சொன்னார்.

"இந்த வாட்டி, இல்லன்னா இல்லன்னே வந்து சொல்லுங்க பாய்."

முதலில் எங்கள் ஊர் இறங்குதளத்தில் கேட்டேன். பிறகு ஒரு டப்பாவில் இரண்டு நண்டைப் போட்டுக்கொண்டு சிதம்பரம் போய் பஸ் மாறி கிள்ளைக்குப் போனேன். மீன் பிரிக்கிற பெண்களிடம் காட்டினேன். அவர்களில் ஒருத்தி, "பேரு வச்சுக் கூப்ட்டா திரும்பிப் பாக்குமா? தூக்கிப் போடு பாய்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். வலை கட்டிக்கொண்டிருந்த ஒருத்தர் மட்டும் டப்பாவை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பஸ்ஸில் வந்தவன் சும்மா திரும்பக் கூடாது என்று அவருக்கு ஒரு நல்ல மனசு. ஓட்டு நண்டு என்று வைத்துக்கொள்ளேன் என்றார். எனக்குத் தெரிந்த குரல் அது. 'வைத்துக்கொள்ளேன்' என்று சொல்கிற பேர் எப்படிப்பட்ட பேர் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். டீச்சருக்குப் போன் செய்து, பேர் இல்லை என்றேன். அந்த வார்த்தையை அன்றே சொல்லியிருந்தால் எவ்வளவு லேசு.

பத்திரிகைக்காரர்கள் நிறைய நாள் எடுத்துக்கொண்டார்கள். நோட்டின் இன்னும் சில பக்கங்களைக் கேட்டார்கள். கடைசியில் கட்டுரையை எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் நேர்முகத்துக்கும் போய் வந்தார். முடிவு இன்னும் வரவில்லை. அந்தப் பொய்க் கட்டுரைகள் வந்த இடங்களுக்கெல்லாம் சாம்பல் விஷயம் பொய் என்று எழுதினார். ஒரு இடத்தில் அந்தக் கட்டுரையை நீக்கிவிட்டார்கள். மற்றவர்கள் பதிலே போடவில்லை. எனக்கு அந்தப் பிள்ளையின் நினைப்பு இன்னும் விடவில்லை. மூச்சு இரைப்பு என்று யார் சொல்லக் கேட்டாலும், ஆஸ்பத்திரிக்குத்தானே போகிறீர்கள் என்று கேட்டுவிடுகிறேன்.

கட்டுரை வந்ததும் டீச்சர் போனுக்கு அனுப்பினார். கட்டத்தைப் பெரிதாக்கி, விரலால் தள்ளித் தள்ளி அந்த வரிக்கு வந்தேன். விஞ்ஞானப் பேர் இருந்தது. ஊர்ப் பேருக்கான இடத்தில் ஒரு சின்னக் கோடு. இரண்டு தொழிலாளிகள் தங்களுக்குள் இப்படி அழைத்தார்கள் என்று அவர் ஒரு குறிப்புப் போட்டிருந்தாராம். தேவையில்லை என்று பத்திரிகையில் வெட்டிவிட்டார்களாம். வருத்தப்பட்டுச் சொன்னார். பரவாயில்லை டீச்சர் என்றேன்.

மச்சானுக்கும் அனுப்பினேன். அவன் கூப்பிட்டான்.

"கோடு போட்டிருக்காங்க."

"ஆமா. பேரு இல்லன்னா அப்படித்தான் போடுவாங்களாம்."

"அப்ப நாம வச்ச பேரு இப்ப எங்கதான் மச்சான் இருக்கு?"

அந்தப் பொய்க் கட்டுரைகளில்தான் இருக்கிறது என்றேன். அதில் ஒன்றை அனுப்பச் சொன்னான். அதில் விஷம், சாம்பல், தேன் என்று என்னென்னவோ இருக்கும், ஒன்றையும் நம்பிவிடாதே, யாருக்கும் அனுப்பியும் விடாதே என்று இரண்டு தடவை சொன்னேன்.

"தெரியும் மச்சான். பேர மட்டும் பாத்துக்குறேன். அனுப்புங்க."

அனுப்பினேன்.